ஒரே குடம், ஒரே பந்தி: தீண்டாமைக்கு எதிரான நூறு வருசச் சட்டங்களும் நாமும்



நம்ம கூட்டமைப்புக்கு 25 வயசு ஆயிடுச்சு. மலருக்கு ஒரு கட்டுரை எழுதுங்கக்கான்னு நிர்வாகிகள் கேட்டாங்க. சேமிப்பு எவ்வளவு, வங்கிக் கடன் எவ்வளவு, எந்தக் குழு முதல்ல கறவை மாடு வாங்குச்சு, இதெல்லாம் மத்தவங்க எழுதுவாங்க. நான் எழுத நினைச்சது வேற. காலனிக் குழுவும் ஊர்த்தெருக் குழுவும் இன்னைக்கு ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுறோம். ஒரே குடத்துத் தண்ணியைக் குடிக்கிறோம். புதுசா சேர்ந்த பிள்ளைங்களுக்கு இது சாதாரணமாத் தெரியும். ஆனா இதுக்குப் பின்னால் நூறு வருசத்துச் சட்டங்கள் இருக்கு. அந்தச் சட்டங்களைக் காகிதத்திலிருந்து தெருவுக்குக் கொண்டு வந்த மனுசங்க இருக்காங்க. அந்தக் கதை நமக்குத் தெரிஞ்சிருக்கணும். ஏன்னா அது இன்னும் முடியலை. காலை உணவு சமைக்கிற அடுப்பு வரைக்கும் வந்து நிக்குது.

முதலில் பேரு

வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த காலத்தில் சென்னை மாகாணச் சட்டசபையில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதியாக எம்.சி.ராஜா இருந்தார். அரசு ஆவணங்களில் எங்க மக்களை எழுதின பேரே அவமானமா இருந்தது. அந்தப் பேர்களை எடுத்துட்டு 'ஆதிதிராவிடர்' என்று எழுதணும்னு அவர் சபையில் கேட்டார். 1922-ல் அரசு அதற்கு ஆணை போட்டது.

பேரை மாத்தினா சோறு கிடைக்குமான்னு கேட்கலாம். ரேசன் கார்டில் பேரைத் தப்பா அடிச்சுட்டா நாம எத்தனை தடவை தாலுகா ஆபீசுக்கு நடக்கிறோம்? பேருங்கிறது அரசாங்கம் நம்மை எப்படிப் பார்க்குதுங்கிறதுக்கு அடையாளம். அதனாலதான் அந்த வேலை இன்னும் நடந்துக்கிட்டே இருக்கு. 2025 ஏப்ரலில்கூட 'காலனி' என்கிற சொல்லை அரசு ஆவணங்களில் இருந்து எடுக்கப் போறதா முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவிச்சார். நான் இந்தக் கட்டுரையில் அந்தச் சொல்லை எழுதுறது, நாம இன்னும் வாயில் அப்படித்தான் சொல்றோம் என்பதால்தான்.

கிணறும் சாலையும்

அடுத்தது தண்ணி. 1924-ல் அதே சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். பொதுச் சாலையில், பொதுக் கிணத்தில், குளத்தில், அரசு அலுவலகத்தில் எந்தச் சாதிக்காரரும் போகலாம், வரலாம், யாரும் தடுக்கக் கூடாது என்பதுதான் தீர்மானம். அது நிறைவேறுச்சு. அரசு அதை ஊரறிய அறிவிச்சது.

அதே 1924-ல்தான் கேரளத்தில் வைக்கம் போராட்டம் தொடங்குச்சு. அங்கே கேட்டது கோயிலுக்குள் போற உரிமைகூட இல்லை. கோயிலைச் சுத்தி இருக்கிற தெருவில் நடக்கிற உரிமை. பெரியார் அதில் கலந்துகிட்டு சிறைக்குப் போனது எல்லாருக்கும் தெரியும். அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் பெண்களைத் திரட்டிக்கிட்டுப் போய் நின்னதை அவ்வளவா யாரும் சொல்றதில்லை. நம்ம மலரில் அந்தப் பேர்கள் இருக்கணும்னு இங்கே எழுதுறேன்.

மகாராட்டிரத்திலும் இப்படித்தான். 1923-ல் பம்பாய்ச் சட்டசபை பொதுக் குளங்களை எல்லாருக்கும் திறக்கணும்னு தீர்மானம் போட்டது. மகாடு என்கிற ஊரின் நகராட்சி, எங்க ஊர்ச் சவுதார் குளத்தை எல்லாரும் பயன்படுத்தலாம்னு 1924-ல் தீர்மானம் எழுதி வச்சது. ஆனா மூணு வருசம் யாரும் இறங்கித் தண்ணி மொள்ள முடியலை. 1927 மார்ச் 20-ம் தேதி அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோட நடந்து போய், குளத்தில் இறங்கி, கையால் அள்ளிக் குடிச்சார். குடிச்சுட்டுத் திரும்பினவங்களை அடிச்சாங்க. குளம் தீட்டாயிடுச்சுன்னு அதுக்குச் சுத்தம் செய்யுற சடங்கு நடத்தினாங்க. கோர்ட்டில் கேஸ் போட்டாங்க. அந்த வழக்கு 1937-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில்தான் முடிஞ்சது. குளம் எல்லாருக்கும் உரியதுன்னு ஆச்சு.

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்க. தீர்மானம் 1923-ல், தண்ணி குடிச்சது 1927-ல், தீர்ப்பு 1937-ல். நம்ம நோட்டில் ஒரு தீர்மானம் எழுதிட்டு அடுத்த மாசமே நடக்கலைன்னு அலுத்துக்கிறோமே, அப்பப்ப இந்தக் கணக்கை நினைச்சுக்குவேன். தீர்மானம் இல்லாம யாரும் குளத்துக்குப் போயிருக்க முடியாது. போகாம இருந்திருந்தா தீர்மானம் செல்லரிச்சுப் போயிருக்கும். ரெண்டும் வேணும்.

கோயில் வாசல்

1936-ல் திருவிதாங்கூர் மகாராசா தன் சமஸ்தானத்துக் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்து விடுவதாக அறிவிச்சார். சென்னை மாகாணத்தில் 1938-ல் ஒரு சட்டம் வந்தது. பொது இடம், கிணறு, சாலை, வண்டி, அரசு வேலை இவற்றில் சாதியைச் சொல்லித் தடுக்கிறதைத் தடை பண்ணின சட்டம் அது. அதுக்கும் பின்னால் நின்னவர் எம்.சி.ராஜாதான்.

1939 ஜூலை 8-ம் தேதி மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட சமூகத்தார் நுழைஞ்சாங்க. அவர்களில் ஒருத்தர் கக்கன். பின்னாளில் நம்ம மாநிலத்துக்கே உள்துறை அமைச்சர் ஆனவர். அப்போ இருந்த சட்டப்படி, அவர்களை அழைச்சுக்கிட்டுப் போன அதிகாரிகள் மேலேயே வழக்குப் போடலாம். அதனால் ராஜாஜி அரசு உடனே அவசரச் சட்டம் போட்டு, பிறகு அதை முழுச் சட்டமாக்கி, அவங்க மேல் வழக்கு வராம காப்பாத்துச்சு. 1947-ல் மாகாணம் முழுக்கக் கோயில் நுழைவுக்குச் சட்டம் வந்தது.

அரசியல் சட்டத்தில் ஒரு வரி

சுதந்திரம் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுத ஒரு சபை உட்கார்ந்தது. அதில் 15 பெண்கள் இருந்தாங்க. அந்தப் பதினைஞ்சு பேரில் தலித் பெண் ஒருத்தர்தான்: தாட்சாயிணி வேலாயுதன். கொச்சிக்காரர், டீச்சரா வேலை பார்த்தவர், சென்னை மாகாணத்தில் இருந்து தேர்வாகிப் போனவர். 1948 நவம்பர் 29-ம் தேதி தீண்டாமை ஒழிப்புப் பிரிவு சபைக்கு வந்தப்போ அவரும் எழுந்து பேசினார். அன்னைக்கே அந்தப் பிரிவு நிறைவேறுச்சு. அதுதான் இப்போ 17-வது பிரிவு.

அது சொல்றது சின்னச் செய்திதான். தீண்டாமை ஒழிஞ்சது, எந்த உருவத்திலும் அதைக் கடைப்பிடிக்கக் கூடாது, கடைப்பிடிச்சா குற்றம், சட்டப்படி தண்டனை. 15-வது பிரிவு இன்னொண்ணு சொல்லுது. கடை, ஓட்டல், கிணறு, குளம், குளிக்கிற படித்துறை, சாலை எதிலும் சாதி, மதம், இனம், ஆண் பெண், பிறந்த இடம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது. பிறந்த இடம் என்பதையும் கவனிங்க. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம்ம ஊர்ச் செங்கல் சூளைக்கும் மில்லுக்கும் வேலைக்கு வர்ற குடும்பங்களுக்கும் அந்தப் பிரிவு சொந்தம்.

1955, 1976, 1989

17-வது பிரிவு தண்டனை உண்டுன்னு சொல்லுச்சு. எவ்வளவு தண்டனைன்னு சொல்ல தனிச் சட்டம் வேணுமில்ல? அது 1955 ஜூன் 1-ல் இருந்து அமலுக்கு வந்தது. தீண்டாமைக் குற்றச் சட்டம்னு பேரு. டீக்கடையில் தனி டம்ளர் வைக்கிறது, கிணத்தில் தண்ணி எடுக்க விடாம தடுக்கிறது, சுடுகாட்டுப் பாதையை மறிக்கிறது, கடையில் சாமான் தர மாட்டேன்கிறது, ஆஸ்பத்திரியிலோ பள்ளிக்கூடத்திலோ சேர்க்க மறுக்கிறது எல்லாமே குற்றம்னு ஆச்சு.

நான் பிறந்தது அந்தச் சட்டம் வந்து பத்து வருசம் கழிச்சு. ஆனாலும் எங்கம்மா ஊர்க்கிணத்துப் பக்கத்தில் குடத்தை வச்சுக்கிட்டு, யாராச்சும் மனசு வச்சு ஊத்துவாங்களான்னு நின்னதை நான் பார்த்திருக்கேன். வெயில் ஏறி, மத்தவங்க எல்லாரும் எடுத்து முடிச்ச பிறகுதான் எங்களுக்குத் தண்ணி. டீக்கடையில் எங்கப்பாவுக்கு ஓலைத் தட்டிக்குப் பின்னால் சொருகி வச்சிருந்த டம்ளர். குடிச்சுட்டு அவரே கழுவி வைக்கணும். சட்டம் தில்லியில் இருந்தது. எங்க வீட்டில் யாருக்கும் அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. தெரிஞ்சாலும், ஊர்க்காரங்க காட்டில்தானே கூலி வேலை. மறுநாள் வேலைக்குக் கூப்பிடலைன்னா உலை எப்படி வைக்கிறது?

அந்தப் பழைய சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. கோர்ட்டு அனுமதியோட ரெண்டு தரப்பும் சமாதானமாப் போகலாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கூலிக்காரனும் பண்ணையாரும் சமாதானம் பேசினா யாரு சொல்றது நிக்கும்? 1976-ல் சட்டத்தைத் திருத்தி, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம்னு பேர் மாத்தி, அந்த ஓட்டையை அடைச்சாங்க. குறைஞ்சது ஒரு மாசம் சிறை என்றும் வச்சாங்க. விசாரிக்க வேண்டிய அரசு ஊழியர் வேணும்னே அசட்டையா இருந்தா, அவரும் குற்றத்துக்கு உடந்தைன்னு எழுதினாங்க.

இன்னொரு முக்கியமான விசயம் அந்தச் சட்டத்தில் இருக்கு. தடுக்கப்பட்டவர் பட்டியலினத்தவரா இருந்தா, அது தீண்டாமையால்தான் நடந்ததுன்னு கோர்ட்டு முதலில் எடுத்துக்கும். இல்லைங்கிறதை எதிராளிதான் நிரூபிக்கணும். 'நான் சாதி பார்க்கலை, வேற கோபம்' என்று ஈசியாச் சொல்லித் தப்பிக்க முடியாது.

நடுவில் 1968 டிசம்பர் 25-ம் தேதி கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசையில் வச்சு எரிச்சாங்க. கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயக் கூலிகளின் குடும்பங்கள். செத்ததில் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். இது டம்ளர் பிரச்சினை மட்டும் இல்லை, உயிர்ப் பிரச்சினைன்னு நாடே பார்த்தது. இந்த மாதிரிக் கொடுமைகள் பல மாநிலங்களிலும் நடந்துக்கிட்டே இருந்ததால், 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. முன்ஜாமீன் கிடையாது, தனி நீதிமன்றம், டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி விசாரணை, பாதிக்கப்பட்டவங்களுக்கு அரசின் நிவாரணத் தொகை எல்லாம் அதில் வந்தது. 2015-ல் அதைத் திருத்தினப்போ ஊரை விட்டு ஒதுக்கி வைக்கிறது, வேலை தராம சாமான் தராம புறக்கணிக்கிறது, பட்டியலினப் பஞ்சாயத்துத் தலைவரை வேலை செய்ய விடாம தடுக்கிறது இதெல்லாமும் பட்டியலில் ஏறுச்சு. எங்கம்மா பயந்தாங்களே, மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டாங்கன்னு, அந்தப் பயத்துக்குச் சட்டம் வந்து சேர 1955-ல் இருந்து 60 வருசம் ஆச்சு.

ஒரே தெரு, ஒரே நாற்காலி

தண்டனை மட்டும் போதாது, சேர்ந்து வாழுற ஏற்பாடும் வேணும்னு தமிழ்நாட்டு அரசு சில முயற்சிகள் எடுத்தது. பெரியார் நினைவு சமத்துவபுரம் அதில் ஒண்ணு. முதல் சமத்துவபுரம் 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறந்தாங்க. ஒரு சமத்துவபுரத்தில் 100 வீடு. 40 வீடு பட்டியலினத்தவருக்கு, 25 பிற்படுத்தப்பட்டவருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டவருக்கு, 10 மற்றவருக்கு. காலனி தனி, ஊர் தனி என்கிற அமைப்பையே மாத்திப் பார்த்த திட்டம் இது. பக்கத்து வீட்டுக்காரி குழம்பு வாசம் நம்ம வீட்டுக்கு வந்துட்டா பாதிச் சண்டை போயிடும்னு எங்க ஊர்ப் பாட்டி ஒருத்தி சொல்லுவா.

அடுத்தது பஞ்சாயத்து நாற்காலி. 1996 உள்ளாட்சித் தேர்தலில் பட்டியலினத்தவருக்கு ஒதுக்கின ஊராட்சிகளில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் நாலும் இருந்தது. அங்கே பத்து வருசம் தலைவர் பதவிக்கு ஒழுங்காத் தேர்தல் நடத்த முடியலை. வேட்பு மனு போட ஆள் வராது. மீறி ஜெயிச்சாலும் உடனே ராஜினாமா. தேர்தலை அறிவிக்கிறதும் நின்னு போறதுமாவே போச்சு. அரசு அந்த ஊர்களின் ஒதுக்கீட்டை மாத்திட்டுச் சுலபமாப் போயிருக்கலாம். அப்படிச் செய்யலை. அதிகாரிகள் ஊர் ஊரா உட்கார்ந்து பேசி, 2006 அக்டோபரில் நாலு ஊரிலும் தேர்தல் நடந்தது. தலைவர்கள் பதவியேத்தாங்க. சென்னையில் அதுக்குச் சமத்துவப் பெருவிழாவே எடுத்தாங்க.

ஆனாலும் பாருங்க, 2022 சுதந்திர தினத்துக்கு முன்னால் மாநிலத் தலைமைச் செயலாளர் எல்லா கலெக்டர்களுக்கும் கடிதம் எழுத வேண்டி வந்தது. பட்டியலினத் தலைவர்கள் கொடியேத்த எந்தத் தடையும் இருக்கக் கூடாதுன்னு அதில் சொல்லியிருந்தார். நாற்காலி கிடைச்சும் கொடிக்கயிறு கைக்கு வராத ஊர்கள் இருந்ததால்தானே அந்தக் கடிதம்?

பந்தியும் அடுப்பும்

இப்போ நம்ம விசயத்துக்கு வர்றேன். சோறு.

பந்தியில் சாதி பார்க்கிறது பழைய கதை. 1920-களில் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்தின குருகுலத்தில், தேசத்துக்குப் பிள்ளைகளைத் தயார் பண்ற இடத்திலேயே, பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாச் சாப்பாடு போட்டாங்க. பொதுப் பணத்தில் நடக்கிற இடத்தில் இது நியாயமான்னு வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்க, தமிழ்நாடே ரெண்டு பட்டுச்சு.

பொதுப் பணத்தில் போடுற சோத்துக்குத் தனிப் பந்தி கிடையாதுங்கிறதைப் பிறகு வந்த பள்ளிக்கூட உணவுத் திட்டங்கள் நடைமுறையில் காட்டுச்சு. காமராசர் மதிய உணவு, அப்புறம் 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கின சத்துணவு. ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே சட்டிச் சோறு சாப்பிட்ட தலைமுறை அதனால் உருவாச்சு.

ஆனா சாப்பிடுறது ஒண்ணு, சமைக்கிறது வேற. யார் கையால் சமைச்சதுங்கிற கேள்வி அப்படியே இருந்தது. உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28-ல், நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைச்ச சோறு போடணும்னு உத்தரவு போட்டது. 2004 ஏப்ரல் 20-ல் இன்னொரு உத்தரவு. சமையலர், உதவியாளர் வேலைக்குப் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை கொடுக்கணும். இதை ஏன் நீதிமன்றம் சொல்லணும்? அந்த வேலை வருமானம் மட்டும் இல்லை. அவங்க கையால் பிள்ளைகள் சாப்பிட்டா, அந்தப் பிள்ளைகள் வளர்ந்து டீக்கடை வச்சா, தனி டம்ளர் வைக்கத் தோணாது.

2018-ல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாதுன்னு சிலர் தகராறு செஞ்சதையும், அவரை முதலில் வேற பள்ளிக்கு மாத்தினதையும், எதிர்ப்பு வந்ததும் அந்த மாறுதல் ரத்தானதையும், தகராறு செஞ்சவங்க மேல் வன்கொடுமைச் சட்டத்தில் வழக்கு வந்ததையும் நாம பேப்பரில் படிச்சோம்.

2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1,545 பள்ளிகளில் தொடங்குச்சு. 2023 ஆகஸ்ட் 25-ல் திருக்குவளையில் வச்சு மாநிலம் முழுக்க 31,008 பள்ளிகளுக்கு விரிஞ்சது. ஊர்ப்புறத்தில் இந்தச் சமையல் பொறுப்பு நம்ம சுய உதவிக் குழுப் பெண்களுக்கு. விரிஞ்ச அடுத்த மாசமே கரூர் மாவட்டத்தில் ஒரு ஊரில், தலித் பெண் சமைக்கிறதால் பிள்ளைகள் சாப்பிட மாட்டாங்கன்னு சில பெற்றோர் சொன்னாங்க. கலெக்டர் நேரில் போய் அந்தச் சாப்பாட்டைப் பிள்ளைகளோட உட்கார்ந்து சாப்பிட்டார். சட்டம் என்ன சொல்லுதுன்னு எச்சரிச்சுட்டும் வந்தார். தூத்துக்குடி மாவட்டத்திலும் இந்த மாதிரிச் செய்தி வர, அமைச்சரும் எம்.பி.யும் போய்ச் சாப்பிட்டாங்க.

நம்ம ஊரில் என்ன செஞ்சோம்

இந்தக் கதை நம்ம கூட்டமைப்பு எல்லைக்குள்ளும் நடந்தது. பேரும் ஊரும் வேண்டாம், உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். காலனிக் குழு உறுப்பினர் ஒருத்தர் சமையலுக்குத் தேர்வானார். ரெண்டு வீட்டுப் பிள்ளைகள் மட்டும் தட்டை எடுக்காம ஓரமா உட்கார்ந்துக்கிட்டாங்க. நாலாவது நாள் அந்தத் தங்கச்சி கூட்டமைப்புக்கு வந்து, 'நான் விலகிக்கிறேன்க்கா, என்னால் பிள்ளைங்க பட்டினி கிடக்க வேணாம்' என்று அழுதா.

அவசரக் கூட்டம் போட்டோம். ஒருத்தர் சொன்னார்: 'அந்த ரெண்டு வீட்டுக்காரியும் நம்ம குழுவில்தானே இருக்காளுக. கடனை நிறுத்துங்க, தானா வழிக்கு வருவாளுக.' கூட்டத்தில் நிறையத் தலை ஆடுச்சு. எனக்கும் கோபம் இருந்தது. ஆனா நான் எழுந்து பேசினேன். ஒருத்தரைச் சோத்திலும் கடனிலும் ஒதுக்கி வச்சு வழிக்குக் கொண்டு வர்றதுதான் நமக்கு நடந்தது. அதையே நாமும் கையில் எடுத்தா, சட்டம் எதைக் குற்றம்னு சொல்லுதோ அதைத்தான் செய்வோம். கடன் விதிப்படி கிடைக்கணும். சமையலும் விதிப்படி நடக்கணும். ரெண்டையும் கலக்கக் கூடாது. ரொம்ப நேரம் வாக்குவாதம் நடந்து, கடைசியில் மூணு தீர்மானம் எழுதினோம்.

ஒண்ணு, அந்தத் தங்கச்சி விலகக் கூடாது. விலகல் கடிதம் தந்தாலும் கூட்டமைப்பு அதை அனுப்பாது. ரெண்டு, எல்லாக் குழு ஊக்குநர்களும் முறை வச்சு, தினமும் ரெண்டு பேர் காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம் போய், தலைமை ஆசிரியர் அனுமதியோட அந்தச் சாப்பாட்டைப் பிள்ளைங்களோட உட்கார்ந்து சாப்பிடணும். அதுக்கான காசு நம்ம கையிலிருந்து, பிள்ளைங்க பங்கில் கை வைக்கக் கூடாது. மூணு, பதினைஞ்சு நாளில் சரியாகலைன்னா வட்டார அலுவலகத்துக்கும் கலெக்டருக்கும் எழுத்தில் மனு.

ஊர்த்தெரு ஊக்குநர்கள்தான் முதல் ஆளாப் போனாங்க. அதுதான் பெரிய விசயம். வீட்டில் மாமியார் திட்டுவாங்கன்னு தெரிஞ்சே போனாங்க. புதன்கிழமைப் பொங்கலுக்கு ஒரு பையன் தட்டை எடுத்துக்கிட்டு வந்துட்டான். வாசம் தாங்கலை பாவம், பிள்ளைதானே. இன்னொரு வீட்டுப் பிள்ளையை அவங்க வேற பள்ளியில் சேர்த்துட்டாங்க. அது எங்களால் மாத்த முடியலை. அந்த வீட்டம்மா இன்னும் குழுவில் இருக்கா. சந்தா கட்டுறா, கடன் வாங்குறா. நம்ம கூட்டத்துக் குடத்துத் தண்ணியும் குடிக்கிறா. ஒருநாள் மகளைக் கூட்டிக்கிட்டு வருவான்னு நான் காத்திருக்கேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்க

நூறு வருசத்துக் கதையைப் படிச்சு முடிச்ச கையோட, ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதை எழுதி வைங்க.

சமையல் வேலையிலோ, தண்ணியிலோ, கடையிலோ, கோயிலிலோ, சுடுகாட்டுப் பாதையிலோ சாதி சொல்லித் தடுத்தா அது ஊர் வழக்கம் இல்லை, குற்றம். போலீஸ் ஸ்டேசனில் நீங்க வாயால் சொல்றதை எழுதி, உங்களுக்குப் படிச்சுக் காட்டின பிறகுதான் கையெழுத்தோ ரேகையோ வாங்கணும். படிக்கத் தெரியாதவங்க 'படிங்க சார்'னு தைரியமாக் கேளுங்க, அது உங்க உரிமை. அதன் நகலைக் காசு வாங்காம உங்களுக்குத் தரணும். வேணும்னே கடமையைச் செய்யாத அரசு ஊழியருக்கும் வன்கொடுமைச் சட்டத்தில் தண்டனை இருக்கு. 14566 என்கிற எண்ணுக்குக் கட்டணம் இல்லாமப் பேசலாம். தனியாப் போகாதீங்க, குழுவில் இருந்து ரெண்டு பேராவது கூடப் போங்க. நடந்த தேதி, நேரம், பார்த்தவங்க பேர் எல்லாத்தையும் அன்னைக்கே எழுதி வைங்க. கணக்கு எழுதப் பழகின கைகள் நம்ம கைகள், நமக்கு இது கஷ்டம் இல்லை.

இன்னொண்ணு. அடுத்த மாசக் கூட்டம் காலனிச் சமுதாயக் கூடத்தில். அதுக்கு அடுத்த மாசம் மாரியம்மன் கோயில் தெருவில். முறை மாறாம நடக்கணும், யார் தலைவியா வந்தாலும். டீ போடுறதும் முறை வச்சுத்தான். யார் போட்டாலும் எல்லாரும் குடிக்கணும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா,
கூட்டமைப்பின் முன்னாள் செயலாளர்